நான் சொல்லாத சாட்சி

என்னைப் பற்றி எங்கள் சபையில் ஒரு கதை உண்டு. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டுமனை விஷயமாக விசாரிக்க வந்த சர்க்கார் அதிகாரிக்கு முன்னால், கொஞ்சமும் பயப்படாமல் கண்ணை மூடி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாளாம். அதனால் மனை கைவிட்டுப் போயிற்றாம். போனால் போகட்டும், எனக்குப் பரலோகத்தில் மாளிகை இருக்கிறது என்றாளாம். இந்தக் கடைசி வாக்கியத்தை யார் சேர்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை. அன்று நான் சொன்னது மொத்தமே மூன்று வார்த்தை. அதுவும் பழக்கதோஷத்தில் வாயிலிருந்து விழுந்தது. அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் போதகர் ஒன்பது வருடம் பிரசங்கம் ஓட்டினார்.

இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. கோபமாக இருக்கும்போது எதையும் எழுதாதே என்று என் கணவர் சொல்வார். கோபம் தணியட்டும் என்று காத்திருந்து தலை நரைத்ததுதான் மிச்சம். இனியும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அறுபதுகள் முடிந்து எழுபது பிறந்த சமயம். காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகிற பக்கம், பாலாற்றுக்குப் போகும் வாய்க்காலை ஒட்டிய புறம்போக்கில் எங்கள் குடிசை இருந்தது. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற அண்டாவில் பட்டு நூல் சிட்டங்களை முக்கி முக்கி எடுப்பார். முழங்கை வரைக்கும் ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் பச்சை. எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் கைகளை உயர்த்தி ஜெபிக்கும்போது, அந்த வாரம் எந்த நிறப் புடவைக்கு ஊரில் கிராக்கி என்று அந்தக் கைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். சாயங்காலங்களில் பைபிளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சேரி சேரியாகப் போய்ச் சுவிசேஷம் சொல்வார். சம்பளமில்லாத உபதேசியார். நல்லவர். குடித்ததில்லை, கைநீட்டி அடித்ததில்லை. பரலோகம் ஒன்றைத் தவிர அவர்மேல் கோபப்பட எனக்கு வேறு காரணமே கிடையாது.

அப்பாவுக்குப் பரலோகம் வாலாஜாபாத் மாதிரி. பஸ் ஏறினால் போய் இறங்கிவிடலாம் என்பது போலத்தான் பேசுவார். மழையில் கூரை ஒழுகி நாங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினால், அவர் சிரித்துக்கொண்டே, "இது வாடகை வூடும்மா. சொந்த வூடு மேல இருக்குது. அங்க ஒழுகாது" என்பார்.

அம்மா விட மாட்டாள். "வாடகைக்குத்தான் எவன் குடுக்குறான், சொல்லுங்க?"

அவள் கேட்டது நியாயம். ஊருக்குள் வாடகைக்கு விடும் வீடு என்று கேள்விப்பட்டுப் போய் நின்றால், நீங்க யாரு என்பார்கள். கிறிஸ்தவங்க என்றால், அதுக்கு முன்னாடி யாரு என்பார்கள். என் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் எங்களுடையது. அதற்கு முன்னால் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். அந்த "முன்னாடி" எங்களை விட்டு ஒரு நாளும் போகவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் அதைக் கழுவவில்லை, சாயப்பட்டறைத் தண்ணீரும் மறைக்கவில்லை.

அம்மா ஒரு நெசவாளர் வீட்டில் தார் சுற்றப் போவாள். ஊடை நூலை, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. பின்கட்டில் கொட்டகைக்குள் உட்கார்ந்து செய்ய வேண்டும். தறி இருக்கிற கூடத்துக்குள் அவள் நுழையக் கூடாது. ஆனால் கொட்டகையிலிருந்து பார்த்தே தறியில் என்னென்ன நடக்கிறது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மாள் தெலுங்கு பேசுகிறவள், கறார்ப் பேர்வழி, ஆனால் கைத்திறமையை மதிப்பாள். "மழை ஒழுகாத இடம் ஒண்ணு பாத்துக்கோ, தறி போட்டுக் குடுக்கச் சொல்றேன். கூலிக்கு நெய்யி" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. தறி போட வேண்டுமானால் தரையில் குழி வெட்ட வேண்டும். காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி. வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கில் குழி வெட்டினால் ஐப்பசியில் அதில் தவளை குடும்பம் நடத்தும். தனக்கென்று, யாரும் எழுப்பிவிட முடியாத மேட்டு மண் மூன்று சென்ட் வேண்டும். அம்மா அந்த வயதில் ஆண்டவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

கேட்டது கிடைக்கிற மாதிரி ஒரு செய்தி வந்தது. சர்க்காரில் அரிஜனங்களுக்கு இலவச வீட்டுமனைப் பட்டா கொடுக்கப் போகிறார்கள், மேட்டுப் பக்கம் இடம் அளந்துவிட்டார்கள் என்று பக்கத்துக் குடிசை அக்கா ஓடி வந்து சொன்னாள். அவளும் எங்கள் சபைதான். குரல் நன்றாக இருக்கும், பாட்டு எடுத்துக் கொடுப்பாள்.

"ஆனா இந்துவா இருக்கணும்" என்றாள் அக்கா. "வேதத்துக்கு மாறிட்டவங்களுக்குக் கெடயாதாம்."

இந்த அநியாயத்தை நான் எத்தனையோ தடவை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் வைத்தபோது நாங்கள் மாறியது யாருக்கும் தெரியவில்லை. வாடகைக்கு வீடு கேட்டபோது தெரியவில்லை. மனை கொடுக்கும்போது மட்டும் சர்க்காருக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கு நாங்கள் மாறவே இல்லை, காகிதத்துக்கு மட்டும் மாறிவிட்டோம்.

சரி, அதற்கும் எங்கள் ஜனங்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் ஒரு பெயர், சபைப் பதிவேட்டில் ஒரு பெயர். எனக்கும் அப்படித்தான். திங்கள் முதல் வெள்ளி வரை ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை வேறொருத்தி. பள்ளியில் சேர்க்கும்போது, உதவித்தொகை கிடைக்கும், இந்துப் பெயரையே கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியவர் எங்கள் போதகரேதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறக்கவில்லை.

அம்மா அப்பாவிடம் சொல்லாமல் ரேஷன் கார்டுப் பெயரில் மனு எழுதிக் கொடுத்தாள். விசாரிக்க வீட்டுக்கே ஆள் வரும் என்றார்கள். மூன்று நாள் எனக்குப் பாடம் நடந்தது. பக்கத்துக் குடிசை அக்காதான் வாத்தியார்.

"எந்த சாமி கும்புடுவீங்க?"

"மாரியாத்தா."

"கோயிலுக்குப் போவியா?"

"ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப போவோம்."

"சபைன்னா இன்னான்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

நன்றாகச் சொன்னேன். எனக்கு ஒரு மனக்கஷ்டமும் இல்லை. குச்சியால் மண்ணில் வீடு வரைந்து, இது தறி, இது அடுப்பு, இது நான் படுக்கிற இடம் என்று கோடு போட்டு வைத்திருந்தேன். அந்த வீட்டுக்காக நான் யாரை வேண்டுமானாலும் தெரியாது என்று சொல்லியிருப்பேன். எட்டு வயதில் எனக்கு அவ்வளவுதான் விசுவாசம். அதற்காக இன்று வெட்கப்படவும் இல்லை.

அந்த நாள் காலையில் அப்பா பட்டறைக்குப் போனதும் அம்மா சுவரிலிருந்து வசனக் காலண்டரைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். ஜவுளிக்கடையில் கொடுத்த முருகர் காலண்டரை அந்த ஆணியிலேயே மாட்டினாள். அக்கா வீட்டுக் குங்குமத்தை எனக்கு வைத்துவிட்டு, தானும் வைத்துக்கொண்டாள். அம்மாவின் நெற்றியில் பொட்டை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். அழகாக இருந்தாள். அதைச் சொன்னேன். "வாய மூட்றீ" என்றாள்.

வந்தவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். கூடவே தலையாரி, சைக்கிளைப் பிடித்துக்கொள்ள. இன்ஸ்பெக்டர் கொடுமைக்காரர் இல்லை. நெற்றியில் நாமம், தணிந்த பேச்சு. எங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்திருந்தார். குடிசைக்குள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். எத்தனை பேர், எத்தனை வருடம், புருஷன் என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொண்டார். முருகரைப் பார்த்தார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் படித்த பாடமெல்லாம் வீண்.

எழுதி முடித்தவருக்கு என்மேல் ஏதோ பிரியம் வந்துவிட்டது. அன்று பெருமாள் கோயிலில் விசேஷம், அங்கே போய்விட்டு நேராக வந்திருக்கிறார். பையிலிருந்து மந்தாரை இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கோயில் இட்லி. மிளகும் சுக்கும் நெய்யும் கலந்த அந்த வாசனை ஊரில் எல்லாத் தெருவிலும் வரும், எங்கள் கைக்கு மட்டும் வந்ததில்லை. ஒரு துண்டு பிட்டு, "கையை நீட்டு பாப்பா" என்றார். நீட்டினேன். என் கையில் விரல் பட்டுவிடாமல் ஒரு முழம் உயரத்திலிருந்து போட்டார். பாதி உள்ளங்கையில் விழுந்தது, கொஞ்சம் உதிர்ந்து கீழே போயிற்று.

விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னக் கூடாது என்று அப்பா சொல்லித் தந்திருந்தார். அம்மாவைப் பார்த்தேன். தின்னு என்று கண்ணைக் காட்டினாள். எனக்கும் தின்ன ஆசைதான். ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து, கையில் சோறு வந்தால் நான் முதலில் செய்கிற காரியம் ஒன்று இருந்தது. அது யோசித்துச் செய்வதல்ல. கை உணவைத் தொட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது, தலை தானாகக் குனிந்தது. "ஆண்டவரே உமக்கு ஸ்தோத்திரம்" என்றேன். பெருமாள் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. சத்தமாக வேறு, அப்பா பழக்கியபடி.

கண்ணைத் திறந்தபோது தலையாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. "போய் ஆட்டப் புடிச்சிக் கட்டு" என்று அவள் குரல் மட்டும் கேட்டது. ஓடினேன். குடிசைக்குப் பின்னால் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இட்லியை வாய்க்காலில் எறிந்தேன். திரும்பி வந்தபோது அவர்கள் சைக்கிள் பாதை முனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை. நெற்றியைக் கழுவிக்கொண்டு உலை வைத்தாள். அக்காதான் வாசலில் நின்று கத்தினாள். "கெடுத்துட்டியேடி, பாவி! ஒரு வாய் துன்றதுக்குள்ள உனக்கு ஜெபம் கேக்குதா?" சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மனு கொடுத்தது, பொட்டு வைத்தது. கடைசியாக, "உங்க பொண்ணு கண்ண மூடி ஸ்தோத்திரம் சொல்லிச்சு. மனை இல்லன்னு ஆயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பா மனு கொடுத்ததற்குக் கோபப்படவில்லை. அழுதார். என்னைத் தூக்கிக்கொண்டு குடிசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஆண்டவர் பாப்பா வாயால பேசிட்டாரு" என்றார். பச்சைச் சாயக் கையால் என் கன்னத்தைப் பிடித்ததில் இரண்டு நாள் கன்னத்தில் பச்சை இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். ஒருவேளை இருக்குமோ என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா வரவில்லை. எங்கள் பெயர் இல்லை. அக்காவின் பெயர் இருந்தது.

அக்கா பெயர் மட்டுமா? எங்கள் சபையில் ஏழெட்டுக் குடும்பத்துக்கு மனை கிடைத்தது. எல்லாரும் பொட்டு வைத்து, காலண்டர் மாற்றி, ஒழுங்காகப் பதில் சொன்னவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்லத்தானே மூன்று நாள் பயிற்சி எடுத்தேன்? என் ஆத்திரமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான். போதகர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தித் தலையில் கை வைத்தார். "இந்தச் சிறுபிள்ளை மண் வீட்டை விட்டாள், பொன் வீட்டைப் பெற்றாள்" என்றார். மண் வீடு கிடைத்த ஏழெட்டுக் குடும்பமும் முன் பாயில் உட்கார்ந்து ஆமென் போட்டது. அக்கா கண்ணீர் வழிய, மேலே இருக்கிற வீட்டைப் பற்றிப் பாட்டு எடுத்துக் கொடுத்தாள். பாடி முடித்துவிட்டுப் போய்த் தன் மனையில் அஸ்திவாரத்துக்குக் கல் இறக்கினாள்.

பொய் சொன்னது தப்பு என்று போதகர் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கும் ஒரு மனை வாங்கிக் கொடுக்க ஒரு வாசல் ஏறி இறங்கவில்லை. அவருக்கு நாங்கள் வீடில்லாமல் இருப்பதே உபயோகமாக இருந்தது. சபைக்கு ஒரு சாட்சி வேண்டாமா? வெளியூர்ப் பிரசங்கியார் வந்தால், கிறிஸ்துமஸ் வந்தால், உபவாசக் கூட்டம் என்றால் என் கதை வரும். வருடா வருடம் வளர்ந்தது. இன்ஸ்பெக்டர் மிரட்டினாராம். பேனாவை எறிந்தாராம். ஒரு தடவை கதையில் போலீஸ்கூட வந்தது.

ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் புரண்டு குடிசைக்குள் தண்ணீர் வரும். நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சபை வராண்டாவுக்குப் போவோம். பத்து நாள், பதினைந்து நாள். பரலோகத்தில் மாளிகை வாங்கிய பெண்ணுக்கு இங்கே சாக்கு விரிப்பு. புது வீட்டிலிருந்து அக்கா கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள். அந்தக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு நான் கண்ணை மூட மறுத்தேன். அப்பா ஜெபம் பண்ணச் சொன்னார். மாட்டேன் என்றேன். பத்து வயதிலிருந்து நான் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணியதில்லை. இதுவும் சபையில் யாருக்கும் தெரியாது.

அம்மா தொடர்ந்து தார் சுற்றினாள். தெலுங்குக்கார அம்மாள் அந்தத் தறியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஒரு நாள் கொட்டகையில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, கூடத்தில் புடவை அறுப்பதை அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அம்மா கையில் குழல் சுற்றிக்கொண்டே இருந்தது, கண் அங்கே இருந்தது. அவள் தறிக் குழியை நான்தான் மூடினேன் என்று நினைத்தேன். எட்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை தினமும் நினைத்தேன். என்னைப் பெருமையாகப் பார்க்கிற ஒவ்வொருவர் முகத்திலும் அறைய வேண்டும் போல இருக்கும்.

பதினேழாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வெடித்தது. வெளியூரிலிருந்து ஒரு பெரிய பிரசங்கியார் வந்திருந்தார். போதகர் என் கதையைச் சொல்லிவிட்டு, "இப்போது நம் சகோதரியே சாட்சி சொல்வாள்" என்று என்னைக் கூப்பிட்டார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எழுந்து போனேன். மைக்கைப் பிடித்தேன்.

"இதுல ஒண்ணுமே நடக்கல" என்றேன். "எனக்கு வூடு வேணும்னுதான் இருந்துச்சு. பொட்டு வெச்சிக்கினு, பொய் சொல்றதுக்கு ரெடியாதான் நின்னேன். ஸ்தோத்திரம் சொன்னது பழக்கத்துல வந்துடுச்சு. வராம இருந்திருந்தா எங்கம்மா இன்னிக்குத் தறியில உக்காந்திருப்பாங்க. நீங்கல்லாம் பொய் சொல்லி வூடு வாங்கிக்கினீங்க, நான் சொல்லாத பொய்ய வெச்சிப் பாட்டு பாடறீங்க. எனக்கு மேல இருக்குற வூடு இருக்கட்டும். எங்கம்மாவுக்குக் கீழ ஒரு வூடு யாராவது குடுத்தீங்களா?"

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவை அரக்கு. ஒன்பது வருடத்தில் முதல் முறையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. பிரசங்கியார் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் மைக்கை வாங்கி, "எத்தனை தாழ்மை பாருங்கள்! தன் சாட்சியைக்கூடத் தன் பெருமையாக எடுத்துக்கொள்ளாத பிள்ளை! அல்லேலூயா சொல்லுங்கள்!" என்றார். எல்லாரும் சொன்னார்கள். அக்கா பாட்டு எடுத்தாள்.

நான் பாட்டு முடியும் முன்பே வெளியே வந்துவிட்டேன். நடுப்பகல் வெயில். ஓரிக்கைப் பாதையில் செருப்பில்லாமல் நடந்தேன், செருப்பை வராண்டாவிலேயே விட்டிருந்தேன். பின்னால் அம்மா வேகமாக வந்தாள். கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு, "நீ சொன்னதும் தப்புடி" என்றாள்.

"இன்னா தப்பு?"

"உன்னால போவல மனை."

நான் நின்றுவிட்டேன். அம்மா நிற்கவில்லை, நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன்ன ஆட்டக் கட்ட அனுப்பிட்டேன் இல்ல? அந்த ஆளு சிரிச்சாரு. பரவால்லம்மா, கொழந்த ஏதோ பழக்கத்துல சொல்லுது, ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான், நான் இந்துன்னே போட்டுக்கறேன், கையெழுத்துப் போடுன்னாரு. பேனாவக் கீழ வெச்சாரு, நான் எடுத்துக்கறதுக்கு. நான்தான் வேணாம்னேன். நாங்க வேதக்காரங்க, எங்க பேர அடிச்சிடுங்கன்னேன்."

"ஏம்மா?"

"மேலேர்ந்து போட்டாரேடி அந்த இட்லிய. நாய்க்குப் போடற மாதிரி. நல்ல ஆளுதான், பாசமாத்தான் போட்டாரு. அத்தப் போயி நீ கண்ண மூடி, ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கின. எனக்கு வயிறு பத்திக்கிச்சு. இவன் கையால வாங்குன மண்ணு எனக்கு வேணாம்னு ஆயிடுச்சு. அப்ப அப்படித்தான் இருந்துச்சு. அவங்க போனப்புறம் தறிய நெனச்சிக்கினு அழுதேன்."

"இத்த ஏன் அப்பாகிட்ட சொல்லல? என்கிட்ட ஏன் சொல்லல? ஒம்போது வருஷமா என்ன ஏன் நிக்க வெச்ச?"

"சொல்லியிருந்தா உனக்குப் பதிலா என்ன நிக்க வெச்சிருப்பாங்க. ஆண்டவருக்காக வுட்டேன்னு சொல்லச் சொல்லுவாங்க. நான் ஆண்டவருக்காக வுடலியே. ஆத்திரத்துல வுட்டேன். அத்த எந்த சபையில நின்னு சொல்றது?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். தோன்றவில்லை. நடுப்பாதையில் நின்று கத்தினேன். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "எனக்கு வூடு வேணும்னு இருந்துச்சே! கோடு போட்டு வெச்சிருந்தேனே! என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"கேக்கல" என்றாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டே நடந்தேன், கால் சுட்டது. கொஞ்ச தூரம் போனதும் தலைக்குமேல் ஏதோ நிழல் தட்டியது. அம்மா தன் பாட்டுப் புத்தகத்தை விரித்து என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தாள். தட்டிவிட்டேன். மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் தட்டிவிட்டேன். கை வலிக்காதா என்று எனக்கே தோன்றுகிற வரைக்கும், வாய்க்கால் மதகு வரைக்கும், அவள் பிடித்துக்கொண்டேதான் வந்தாள்.